சூடானால் எடுக்காத பழைய பெட்ரோல் கார்: பம்பை மாற்றும் முன்

மன்னார்குடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். 2006 மாடல் சின்ன பெட்ரோல் கார், எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின், அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஓர் இன்ஜெக்டர் பெட்ரோலைத் தெளிக்கும் வகை. காலையில் சாவியைத் திருப்பினால் அரை நொடியில் எடுக்கிறது. கும்பகோணம் போய்த் திரும்பும்போது நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் அணைத்துவிட்டுக் கால் மணி நேரம் நின்றால், கேட் திறந்த பிறகு செல்ஃப் மட்டும் ஜோராக அடிக்கிறது, வண்டி எடுப்பதில்லை. பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடிக்க, ஓரமாகத் தள்ளி நிறுத்திவிட்டு அரை மணி கழித்துச் சாவி போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல எடுத்துக்கொள்கிறது. பேட்டரி மாற்றியாகிவிட்டது, பிளக் மாற்றியாகிவிட்டது. இப்போது பெட்ரோல் பம்பை மாற்றச் சொல்கிறார்கள். அதிலும் சரியாகாவிட்டால் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டியான ஈசியூ என்கிறார்கள். பம்புக்கு எட்டாயிரம் கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். காசைப் போடும் முன் கோளாறு எந்தப் பக்கம் என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதுதான் இதற்குள் இருக்கும் கேள்வி. அதற்கே பதில் சொல்கிறேன்.

கடைசி வரியில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: ஒரு தடவை வலங்கைமான் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே டப்பென்று நின்றுவிட்டது என்று. எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட இந்த வரிதான் முக்கியம். பெட்ரோல் வராமல் நிற்கும் வண்டி டப்பென்று நிற்காது. முதலில் இழுவை குறையும், மிதித்தால் முக்கும், இரண்டு மூன்று தரம் உதறும், அப்புறம்தான் நிற்கும். சாவியை யாரோ திருப்பி அணைத்ததுபோல ஒரே அடியாக நின்றால் அது பெரும்பாலும் கரண்ட் சமாச்சாரம்: சென்சார், பிளக்குக்கு உயர் வோல்ட் கொடுக்கும் காயில், கரண்டைச் சேர்த்துவிடும் மின்சுவிட்சான ரிலே, இக்னிஷன் சுவிட்ச், அல்லது இவற்றுக்குப் போகும் வயர். அன்றைக்கு நின்றது டப்பென்றா, உதறிவிட்டா என்று உடன் வந்தவர்களிடமும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அந்த ஒரு விஷயத்திலேயே பாதி முடிவு தெரிந்துவிடும்.

உங்கள் வர்ணனையிலிருந்தே இன்னும் சில விஷயங்கள் நிச்சயமாகிவிடுகின்றன. சூட்டிலும் செல்ஃப் வேகமாக அடிக்கிறது என்றால் பேட்டரி, செல்ஃப் மோட்டார், தடித்த கேபிள்கள் மூன்றும் இந்தக் கணக்கில் வராது. காலையில் அரை நொடியில் எடுக்கிறது என்றால் கம்ப்ரஷனும் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) டைமிங் பெல்ட்டும் நன்றாக இருக்கின்றன. பெல்ட் அறுந்திருந்தால் காலையிலும் எடுக்காது. செல்ஃப் சத்தமும் அழுத்தமே இல்லாமல் ஒரே சீராக வீ என்று கேட்கும். ஆக பேட்டரிக்கும் பிளக்குக்கும் கொடுத்த காசு இந்தக் கோளாறுக்கு உதவாத காசு. பிளக் வேறு விதத்தில் உதவும், அதை விடுங்கள்.

அணைத்த நொடியிலிருந்து இன்ஜின் ஆறிக்கொண்டே வரும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். பானட்டுக்குள் முதல் கால் மணி நேரம் நடப்பது நேர்மாறு. தண்ணீர் சுற்றுவது நின்றுவிடும், முன்னாலிருந்து வரும் காற்றும் நின்றுவிடும். இன்ஜினில் தேங்கிய சூடு வெளியே போக வழியில்லாமல் மேலே ஏறும். சென்சார், காயில், இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொண்டுபோகும் ரயில் குழாய் எல்லாமே ஓடும்போது இருந்ததைவிட அணைத்துப் பதினைந்து இருபது நிமிடத்தில்தான் அதிகம் சூடாகும். அணைத்த உடனே திருப்பினால் எடுக்கும், கால் மணி விட்டால் எடுக்காது, ஒரு மணி விட்டால் மறுபடி எடுக்கும் என்ற விசித்திரம் இதனால்தான். நீடாமங்கலம் கேட் உங்கள் வண்டிக்குச் சரியாக அந்தக் கால் மணியைத்தான் கொடுக்கிறது.

பம்பு மீது ஏன் பழி விழுகிறது என்பதை இங்கே விளக்க வேண்டும். இன்ஜின் சுற்றுகிறதா, என்ன வேகத்தில், பிஸ்டன் எந்த இடத்தில் இருக்கிறது என்று ஈசியூவுக்குச் சொல்வது கிராங்க் சென்சார். அந்தக் காலத்துச் சில கார்களில் இந்த வேலையைக் கேம் சென்சார் செய்கிறது, சிலவற்றில் இரண்டும் சேர்ந்து செய்கின்றன. அதிலிருந்து சிக்னல் வரவில்லை என்றால், செல்ஃப் எவ்வளவு அடித்தாலும் ஈசியூவைப் பொறுத்தவரை இன்ஜின் நின்றுகொண்டிருக்கிறது. நிற்கும் இன்ஜினுக்கு அது ஸ்பார்க் கொடுக்காது, இன்ஜெக்டரைத் திறக்காது. பம்பையும் சாவி போட்டதும் இரண்டு மூன்று நொடி ஓட்டிவிட்டு நிறுத்திவிடும். விபத்தில் இன்ஜின் நின்ற பிறகும் பம்பு பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காக வைத்த பாதுகாப்பு அது. மெக்கானிக் வந்து, செல்ஃப் அடிக்கும்போது பம்புக்குக் காது கொடுத்துப் பார்க்கிறார், ஓசை இல்லை. பம்பு போச்சு என்கிறார். டேங்கை இறக்கிப் பம்பு மாற்றும் நேரத்தில் சென்சார் ஆறிவிடுகிறது, வண்டி எடுத்துவிடுகிறது, எல்லோருக்கும் திருப்தி. பம்பு காரணமில்லை என்பது இரண்டு வாரம் கழித்து மறுபடி கேட்டில் நிற்கும்போது அம்பலமாகும்.

ஆகவே கணக்கு இதுதான். நின்றுபோன அந்த நேரத்தில் ஸ்பார்க்கும் இல்லை, பெட்ரோலும் இல்லை என்றால் கோளாறு இரண்டுக்கும் பொதுவான இடத்தில்: சென்சார் சிக்னல், அல்லது ஈசியூவுக்குக் கரண்ட் கொடுக்கும் மெயின் ரிலே, ஃபியூஸ், எர்த். ஸ்பார்க் மட்டும் இல்லை என்றால் காயில் பக்கம். ஸ்பார்க் இருக்கிறது, பெட்ரோல் மட்டும் இல்லை என்றால்தான் பம்பு. இரண்டும் இருந்தும் எடுக்கவில்லை என்றால் பெரும்பாலும் பெட்ரோல் கூடிப்போயிருக்கிறது. இதை வண்டி நிற்கும்போதுதான் பார்க்க முடியும். ஆறிய வண்டியை ஒர்க்ஷாப்பில் விட்டுவிட்டு வந்தால் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவர் யூகம்தான் செய்ய முடியும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

டிக்கியில் ஒரு சின்னப் பை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மல்டிமீட்டர், ஒரு ஸ்பார்க் டெஸ்டர், கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே ஒன்று, உங்கள் வண்டிக்குப் பொருந்தும் ரிலே ஒன்று, ஒரு பாட்டில் தண்ணீர், பழைய துணி. கேட் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். முப்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, பானட்டைத் திறக்காமல், வெயிலில் கால் மணி நிறுத்திப் பார்த்தால் கோளாறு தானாக வந்து நிற்கும்.

வண்டி எடுக்கவில்லை என்றதும் செல்ஃபை அடித்துக்கொண்டே இருக்காதீர்கள். சாவியை முழுக்க அணைத்து, மறுபடி ஆன் வரை மட்டும் கொண்டுவாருங்கள். செக் இன்ஜின் விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை என்றால் ஈசியூவுக்கே கரண்ட் போகவில்லை. மெயின் ரிலேயும் ஃபியூஸும்தான் முதலில் பார்க்க வேண்டிய இடம். எரிந்தால், பின் சீட்டுப் பக்கம் ஒருவரை உட்காரவைத்து, ஆன் செய்ததும் இரண்டு நொடி ம்ம் என்று ஒரு முனகல் கேட்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கேட்டால் பம்பும் அதன் ரிலேயும் குறைந்தபட்சம் ஓடுகின்றன. பிறகு செல்ஃப் அடிக்கும்போது அந்த விளக்கு அணைந்துபோகிறதா என்றும் கவனியுங்கள். ஆனில் எரிந்து, ஸ்டார்ட் நிலையில் முழுக்க அணைந்தால் இக்னிஷன் சுவிட்ச்சின் உள் காண்டாக்ட் தேய்ந்திருக்கலாம். பழைய வண்டிகளில் இது அவ்வளவு அபூர்வம் இல்லை. சாவிக்குள் சிப் உள்ள வண்டி என்றால் இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) விளக்கையும் பாருங்கள். அது சிமிட்டிக்கொண்டிருந்தால் சாவியை ஈசியூ அடையாளம் காணவில்லை, மற்ற எந்தச் சோதனையும் அப்போது வீண்.

அடுத்தது காசில்லாத சோதனை. ஆன், மூன்று நொடி, ஆஃப்; இப்படி மூன்று முறை செய்துவிட்டு நான்காவது முறை செல்ஃப் அடியுங்கள். சட்டென்று எடுத்துவிட்டால் உங்கள் மெக்கானிக் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது: நிறுத்திய பிறகு ரயிலில் பெட்ரோல் பிரஷர் நிற்கவில்லை. சுமார் 3 பார் பிரஷரில் இருக்கும்வரை பெட்ரோல் அந்தச் சூட்டிலும் திரவமாகவே இருக்கும். பிரஷர் இறங்கிவிட்டால் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும், இன்ஜெக்டர் ஆவியைத்தான் தெளிக்கும். மூன்று முறை ஆன் செய்ததில் பம்பு மறுபடி பிரஷர் ஏற்றி ஆவியைத் தள்ளிவிடுகிறது. ஆனால் இந்தக் கோளாறு வேறு மாதிரி தெரியும்: வழக்கத்தைவிட ஐந்தாறு நொடி கூடுதலாக அடித்து, கடைசியில் திக்கித் திணறியாவது எடுக்கும். ஓடும் வண்டியை டப்பென்று நிறுத்தாது. மூன்று முறை செய்தும் துளிக்கூட மாற்றம் இல்லை என்றால் பிரஷர் கசிவை ஓரளவு ஒதுக்கிவிடலாம்.

அதற்கடுத்து ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தபடி ஐந்து நொடி அடியுங்கள். பெரும்பாலான இன்ஜெக்ஷன் வண்டிகளில் முழு மிதியோடு செல்ஃப் அடித்தால் ஈசியூ பெட்ரோலை நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் இழுக்கவிடும். பெட்ரோல் கூடிப்போன இன்ஜினைக் காயவைக்கத்தான் அந்த ஏற்பாடு. சைலன்சரில் பெட்ரோல் வாடை அடித்து, முழு மிதியில் இருமிக்கொண்டு எடுத்தால் உள்ளே பெட்ரோல் சொட்டுகிறது: கசியும் இன்ஜெக்டர், கிழிந்த பிரஷர் ரெகுலேட்டர், அல்லது இன்ஜின் தண்ணீரின் சூட்டை அளந்து ஈசியூவிடம் பொய் சொல்லும் கூலண்ட் சென்சார். கூலண்ட் சென்சாரைச் சரிபார்ப்பது சுலபம். இரண்டு பின்னுக்கு நடுவே ஓம் அளவு 20 டிகிரியில் சுமார் 2.5 கிலோ ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம் என்ற அளவில் பெரும்பாலான வண்டிகளில் இருக்கும். சூடான இன்ஜினிலும் கிலோ ஓம் கணக்கில் காட்டினால், இன்ஜின் குளிராக இருப்பதாக நம்பி ஈசியூ பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருக்கும். இதற்கு நேர்மாறாகப் பாதி மிதித்தால் எடுக்கிறது, காலை எடுத்தால் நிற்கிறது என்றால் பெட்ரோலை விட்டுவிட்டுக் காற்றைப் பாருங்கள். காற்று உள்ளே போகும் த்ராட்டில் பாடியிலும் ஐடில் வால்விலும் கரி அடைத்திருக்கும், அரை மணி நேரத் துடைப்பு வேலை.

இனி ஸ்பார்க். ஒரு பிளக் வயரைக் கழற்றி டெஸ்டரில் செருகி, டெஸ்டரின் கிளிப்பை இன்ஜினின் சுத்தமான உலோகத்தில் மாட்டி, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நீலமாக, பட் பட் என்று சத்தம் கேட்கும் பொறி வர வேண்டும். மஞ்சளாக மெலிந்து வந்தால் பாதி நோய். வயரைச் சும்மா காற்றில் தொங்கவிட்டோ கையில் பிடித்தோ பார்க்கும் பழக்கம் கார்புரேட்டர் காலத்தோடு போகட்டும்; இந்த வண்டிகளில் பொறி போக இடமில்லாவிட்டால் காயிலும் அதை ஓட்டும் மின்னணுப் பகுதியும் அடிபடும். பக்கத்தில் வைக்கோல் போர் இருக்கும் இடத்தில், பெட்ரோல் வாடை வரும் நேரத்தில் இதைச் செய்ய வேண்டாம் என்று சொல்லவும் வேண்டுமா? ஸ்பார்க் இருந்தால் மட்டும், ஏர் ஃபில்டர் குழாய்க்குள் கிளீனர் ஸ்ப்ரேயை ஒரு நொடி அடித்து, குழாயை மாட்டிவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். இரண்டு நொடி ஓடி நின்றால் பெட்ரோல்தான் வரவில்லை, சந்தேகமில்லை.

உங்கள் விஷயத்தில் ஸ்பார்க் இருக்காது என்பது என் கணிப்பு. கணித்தபடியே ஸ்பார்க் இல்லை என்றால் கிராங்க் சென்சாரைக் குளிரவையுங்கள். நனைத்த துணியை அதன்மேல் சுற்றி, பாட்டில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அந்த இடத்தில் மட்டும் விட்டு ஐந்து நிமிடம் பொறுங்கள். காயில் மேலும் சூடான எக்ஸாஸ்ட் மேலும் தண்ணீர் போகக் கூடாது. மற்றதெல்லாம் சூடாகவே இருக்கும்போது சென்சார் ஒன்றை ஆறவைத்ததும் வண்டி எடுத்தால், அதற்குமேல் சான்று தேவையில்லை. சென்சார் எங்கே இருக்கிறது என்பது வண்டிக்கு வண்டி மாறும். கிராங்க் புல்லி பக்கம், கியர்பாக்ஸ் சேரும் இடம், கேம் சென்சார் என்றால் சிலிண்டர் ஹெட்டின் ஓரம். நீங்கள் மாடல் பெயர் எழுதவில்லை, அதனால் இதற்குமேல் துல்லியமாகச் சொல்ல எனக்கு வழியில்லை.

மீட்டரில் பார்ப்பதென்றால் முதலில் வயர்களை எண்ணுங்கள். இரண்டு வயர் உள்ளது காந்தச் சுருள் வகை. கனெக்டரைக் கழற்றி ஓம் பார்த்தால் சில நூறிலிருந்து ஆயிரம் வரை காட்டும். ஆறியபோது ஒரு முறை, நின்றுபோனபோது ஒரு முறை குறித்துவையுங்கள். சூட்டில் கொஞ்சம் ஏறுவது இயல்பு. மீட்டர் முடிவிலிக்குத் தாவினால் உள்ளே மயிரிழை கம்பி விட்டுப்போகிறது. செல்ஃப் அடிக்கும்போது அதே இரண்டு பின்னில் ஏசி வோல்ட் பார்த்தால் அரை வோல்ட் அளவிலாவது ஆட வேண்டும். மூன்று வயர் உள்ளது ஹால் வகை, இதில் ஓம் பார்ப்பதில் பயனில்லை. சாவி ஆனில் ஒரு வயரில் 5 அல்லது 12 வோல்ட், ஒன்றில் நல்ல எர்த் வருகிறதா என்று முதலில் பாருங்கள். இவை இரண்டும் இருந்து, இன்ஜினைக் கையால் மெல்லச் சுற்றும்போது மூன்றாவது வயர் மேலும் கீழும் தாவவில்லை என்றால் சென்சார் போய்விட்டது. பழி போடும் முன் கனெக்டரையும் பிரித்துப் பாருங்கள். கேம் சென்சாரின் ஓரிங் கசிந்து கனெக்டருக்குள் ஆயில் நிரம்பியிருப்பது, சென்சார் முனையில் இரும்புத்தூள் மீசை முளைத்ததுபோல ஒட்டியிருப்பது இரண்டும் சர்வசாதாரணம். துடைத்தாலே சரியாகிவிடும் வண்டிகளும் உண்டு.

சென்சாரை ஆறவைத்தும் எடுக்கவில்லை, ஸ்பார்க்கும் இல்லை என்றால் காயிலையும் ரிலேயையும் பாருங்கள். காயிலின் பிரைமரி சுருள் ஒரு ஓம் சுற்றுவட்டாரத்தில் இருக்கும். ஆறியபோது சரியாகக் காட்டிவிட்டுச் சூட்டில் மட்டும் திறந்துகொள்ளும் காயில்கள் உண்டு. ரிலேயை அதே மாதிரியுள்ள ஹாரன் ரிலேயோடு மாற்றிப்போட்டால் போதும். ஒரு நிமிட வேலை, ஆனால் இரண்டு ரிலேயின் கால்களும் ஒரே வரிசையில்தானா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். ரிலேக்குள் சால்டரில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விட்டு, வெயிலில் நின்ற வண்டியில் மட்டும் மக்கர் செய்வது பழைய கார்களின் பழைய நோய்.

சோதனை பெட்ரோல் பக்கம் கைகாட்டினாலும் பம்பை உடனே வாங்கிவிட வேண்டாம். ரயில் லைனில் பிரஷர் கேஜ் மாட்டுங்கள். மாட்டும் முன் பம்பு ஃபியூஸைக் கழற்றிவிட்டு இன்ஜினை ஓடவிட்டு, தானாக நிற்கும்வரை விட்டால் குழாயில் பிரஷர் இறங்கிவிடும். சூடான இன்ஜின்மேல் 3 பாரில் பெட்ரோல் பீய்ச்சுவதை யாரும் இரண்டாம் முறை பார்க்க விரும்பமாட்டார்கள். ஃபியூஸை மறுபடி போட்டுச் சாவி ஆன் செய்தால் பெரும்பாலான வண்டிகளில் 2.5-க்கும் 3.5 பாருக்கும் இடையே நிற்கும். சரியான அளவு உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். அணைத்ததும் மளமளவென்று இறங்கினால் பம்புக்குள் உள்ள ஒருவழி வால்வ், ரெகுலேட்டர், இன்ஜெக்டர் மூன்றில் ஒன்று. ரெகுலேட்டரில் வேக்கம் குழாய் இருந்தால் அதைப் பிடுங்கிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் டயாஃபிரம் கிழிந்திருக்கிறது. பிரஷரே ஏறவில்லை என்றால் பம்பு கனெக்டரில் வோல்ட் பாருங்கள். பேட்டரியில் இருப்பதைவிட அங்கே ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் குற்றவாளி வயர் அல்லது பின்பக்க எர்த், பம்பு அப்பாவி. கரண்டும் சரி, ஃபில்டரும் புதிது, அப்படியும் பிரஷர் இல்லை என்றால் பம்பை மாற்றுங்கள், அப்போது அந்த எட்டாயிரம் நியாயமான செலவு. மாற்றிய பிறகு டேங்கைக் கால் பங்குக்குக் கீழே விடாதீர்கள். பம்பு பெட்ரோலுக்குள் மூழ்கியிருந்தால்தான் அதன் சூடு இறங்கும்.

பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் ஆனதுதான் காரணம் என்று உங்களிடம் ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பழைய வண்டியின் ரப்பர் குழாய், ஓரிங், சீல் ஆகியவை அதற்கென்று செய்யப்பட்டவை அல்ல என்பதும், எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதும் உண்மை. மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தும் வண்டியில் டேங்கின் அடியில் தண்ணீர் பிரிந்து நிற்க வாய்ப்புண்டு. ஆனால் கெட்ட பெட்ரோல் நீடாமங்கலத்தில் மட்டும் கெட்டதாக இருந்து, அரை மணியில் நல்லதாக மாறாது. குழாய்கள் உப்பியிருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் இன்ஜெக்ஷன் பிரஷர் தாங்கும் குழாயாகப் பார்த்து மாற்றுங்கள். உங்கள் கோளாறுக்கு முதல் காரணமாக அதை நான் வைக்கமாட்டேன்.

நம் பக்கத்து வண்டிகளுக்கென்று தனியாக இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று எலி. சம்பா அறுவடை முடிந்து தை, மாசியில் வயல் வெறுமையானதும் அவை வீட்டுக்கும் ஷெட்டுக்கும் வந்துவிடும். இரவில் இன்ஜின் சூட்டுக்காகப் பானட்டுக்குள் ஏறி, கடித்துத் துப்புவது பெரும்பாலும் இன்ஜெக்டர் வயர், சென்சார் வயர், இன்ஜினுக்கும் உட்புறத் தடுப்புக்கும் நடுவே போகும் வயர்க்கட்டு. பாதி கடித்த வயர் குளிரில் தொட்டுக்கொண்டிருக்கும், சூட்டில் விரிந்து விலகும். உங்கள் கோளாறு மாதிரியே தெரியும். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் வைக்கோல் துணுக்கோ நெல் உமியோ இருந்தால் அதுவே சாட்சி. டார்ச் அடித்து வயர்க்கட்டின் அடிப்பக்கத்தைப் பாருங்கள், மேற்பக்கம் எப்போதும் அழகாகத்தான் இருக்கும். கடித்த இடத்தை முறுக்கி டேப் சுற்றினால் அடுத்த மழைக்குப் பச்சை பூக்கும். சால்டர் வைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட வேண்டும். பெட்ரோல் குழாயைக் கடித்திருந்தால் அன்றே மாற்றுங்கள்.

இன்னொன்று ஈரமும் உப்பும். நாகை, வேதாரண்யம் பக்கம் வண்டிகளில் எர்த் போல்ட்டுகள் துருப்பிடித்து அடியில் வெள்ளைப் பொடியும் பச்சையும் படிந்திருக்கும். உங்கள் ஊர் உள்ளே தள்ளியிருந்தாலும் ஐப்பசி, கார்த்திகை ஈரம் போதும். எர்த்தைச் சோதிக்க மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவின் ஈயக் கம்பத்திலேயே வையுங்கள், மேலே மாட்டிய கிளாம்ப்பில் வேண்டாம். மறுமுனையை இன்ஜினின் பெயின்ட் இல்லாத உலோகத்தில் குத்திப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நடுவே எங்கோ தடை. எர்த் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். இரண்டாம் கையாக வாங்கிய வண்டி என்றால், 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்திலோ 2018 நவம்பரில் கஜா புயலிலோ தண்ணீரில் நின்றதா என்று விசாரியுங்கள். சீட்டு பெல்ட்டை முழுக்க இழுத்து அடியில் சேற்றுக் கறை தெரிகிறதா என்று பார்த்தால், விற்றவர் சொல்லாததும் தெரியவரும். அப்படி நின்ற வண்டியில் ஈசியூ கனெக்டரின் பின்கள் பச்சையாகியிருக்கும், அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஈசியூவை மாற்றச் சொன்னால் உடனே சம்மதிக்காதீர்கள். அது கெட்டுப்போவது உண்டு, ஆனால் மற்ற எல்லாவற்றையும் விடக் குறைவு. ஈசியூவுக்குப் போகும் 12 வோல்ட், அதன் எர்த், அது சென்சார்களுக்குக் கொடுக்கும் 5 வோல்ட், இவை மூன்றையும் நின்றுபோன நேரத்தில் அளக்காமல் யாரும் அதைக் குறை சொல்ல முடியாது. 5 வோல்ட் வரவில்லை என்றாலும் ஈசியூ கெட்டது என்று அர்த்தமில்லை. உள்ளே ஷார்ட் ஆன ஒரு சென்சார் மொத்த லைனையும் கீழே இழுத்துவிடும். சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்து, எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்புகிறது என்று பாருங்கள். பழைய ஈசியூ ஒன்றை எங்கிருந்தோ வாங்கிப் போட்டால் இம்மொபிலைசர் உள்ள வண்டியில் சாவியோடு சேராமல் புதுத் தலைவலி வரும்.

ஸ்கேன் செய்து பார்த்தும் ஒன்றும் வரவில்லை என்றீர்கள். 2006 வண்டியோடு கடையில் விற்கும் பொதுவான புளூடூத் கருவி பேசாமல் போகலாம். அந்தக் கம்பெனியின் மொழி தெரிந்த ஸ்கேனர் வேண்டும். அதிலும் கோளாறுக் குறியீடான கோடு மட்டும் பார்த்தால் போதாது. சூட்டில் சிக்னல் கொடுக்காத கிராங்க் சென்சார் பல வண்டிகளில் எந்தக் கோடும் பதியாது, இன்ஜின் நிற்பதாகத்தானே ஈசியூ நினைக்கிறது. லைவ் டேட்டாவில் ஆர்.பி.எம். வரியைத் திறந்துவைத்துச் செல்ஃப் அடியுங்கள். 200, 250 என்று காட்டினால் சிக்னல் வருகிறது. பூஜ்யத்திலேயே நின்றால் நான் மேலே சொன்ன தண்ணீர்த் துணிச் சோதனை கூடத் தேவைப்படாது.

சென்சார்தான் என்று உறுதியானால் பார்ட் நம்பரைப் பழையதன் மேலிருந்து குறித்துக்கொண்டு கம்பெனி பொருளாகவே வாங்குங்கள். கால் விலைக்குக் கிடைக்கும் டூப்ளிகேட் சென்சார்கள் குளிரில் நன்றாகவே வேலை செய்யும், சூட்டில்தான் காலை வாரும். நீங்கள் தப்பிக்கப் பார்ப்பதும் அதே கோளாறிலிருந்துதான். மாட்டும்போது அமரும் இடத்தைத் துடைத்து, ஓரிங்கில் துளி ஆயில் தடவி, சுத்தியால் தட்டாமல் கையால் அழுத்தி உட்காரவையுங்கள். வயர் எக்ஸாஸ்ட் பக்கம் சாயாமல் பழைய கிளிப்பிலேயே மாட்டுங்கள். பிறகு முப்பது கிலோமீட்டர் ஓட்டி, வெயிலில் கால் மணி நிறுத்தி, ஒரு முறைக்கு மூன்று முறை எடுத்துப் பாருங்கள். அப்படியும் நின்றால் மாடல் பெயர், அந்த நேரத்தில் ஸ்பார்க் இருந்ததா, பம்பு முனகியதா, ஆர்.பி.எம். எவ்வளவு காட்டியது என்ற நான்கையும் எழுதுங்கள், அங்கிருந்து மேலே பார்க்கலாம்.